பத்ரி இறக்கிவிட்ட சைக்கிள்

விஜய் நடித்த ‘பத்ரி’ (2001) படத்தை டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்து பார்க்க ஒரு கூட்டம் உண்டு. அந்தப் படத்துக்குள் ஒரு சைக்கிள் தொலைந்து போயிருக்கிறது என்பது அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த வாரம் அதைத் தேடலாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுப்பான அண்ணன், ஊர் சுற்றும் தம்பி. போட்டிக்குத் தயாராகும் அண்ணனைப் பணக்கார கோஷ்டி அடித்துப் போட்டுவிடுகிறது. தம்பி திருந்தி, அண்ணன் இடத்தில் நின்று ஜெயிக்கிறான். ‘பத்ரி’யில் போட்டி கிக் பாக்ஸிங். இதன் தாய் தெலுங்கில் பவன் கல்யாண் நடித்த ‘தம்முடு’ (1999). இரண்டுக்கும் இயக்குநர் அருண் பிரசாத். பாட்டி, இந்தியில் மன்சூர் கான் இயக்கி ஆமிர் கான் நடித்த ‘ஜோ ஜீதா வோஹி சிக்கந்தர்’ (1992). அதில் போட்டி சைக்கிள் ரேஸ். அதற்கும் மேலே ஒரு தலைமுறை போனால், பீட்டர் யேட்ஸ் இயக்கிய அமெரிக்கப் படம் ‘பிரேக்கிங் அவே’ (1979). அங்கேயும் சைக்கிள். இந்தியும் இங்கிலீஷும் நேரடி உறவா, தூரத்துச் சொந்தமா என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஜாடையை மறைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆக நாலு படம், நாலு ஊர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் என்ன வந்தது, என்ன போனது என்று ஒரு ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். படித்த பி.காம். இதற்காவது உபயோகப்படட்டும்.

முதல் வரவு, கல். ‘பிரேக்கிங் அவே’ நடக்கும் ப்ளூமிங்டன், இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் பூமி. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போனது இந்த வட்டாரக் கல்தான். ஊர்க்காரர்கள் கல் உடைத்தார்கள். அந்தக் கல்லில் பல்கலைக்கழகம் எழும்பியது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படித்தார்கள். உடைத்தவன் பிள்ளைக்குக் கிடைத்த பட்டம் ‘கட்டர்’, அதாவது கல்வெட்டி. படத்தில் ஒரு ராத்திரிக் காட்சி. முன்னாள் கல் தொழிலாளியான அப்பா, மகனோடு அந்தக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறார். கல்லை வெட்டிக் கொடுத்தபோது பெருமையாக இருந்ததாம். கட்டி முடித்த பிறகு உள்ளே வரவே கூச்சமாக இருந்ததாம். கண்ணீரும் இல்லை, கத்தலும் இல்லை. ஆனாலும் தொண்டையில் என்னமோ அடைக்கிறது. ஸ்டீவ் டெசிச் எழுதிய அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை.

எங்கள் நாகரசம்பட்டிப் பக்கத்து ஆளுக்கு இதற்கு சப்-டைட்டில் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. பீரோ சைஸுக்கு, ரூம் சைஸுக்கு அறுத்த பாறைகளை லாரியில் சங்கிலி போட்டுக் கட்டி எடுத்துப்போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கல் எந்த ஊர் வரவேற்பறையில் பளபளக்கிறதோ, அங்கே உடைத்தவன் செருப்போடு போக முடியுமா என்பது வேறு விஷயம்.

‘பிரேக்கிங் அவே’யில் ஒரே ஒரு குறை. கடைசி ரேஸில் மேடே கிடையாது. ‘லிட்டில் 500’ என்று 1951-லிருந்து நிஜமாகவே நடக்கிற பந்தயம் அது. ஓட்ட மைதானத்தில் 200 சுற்று. சமதரை. செக்குமாடு சுற்றுகிற மாதிரி சுற்ற வேண்டியதுதான்.

இந்தி அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அதன் வரவு, மலை. ‘ஜோ ஜீதா’ கதை நடக்கும் ஊர் டேராடூன். படம் பிடித்ததில் பெரும்பகுதி நம்ம ஊட்டியிலும் கொடைக்கானலிலும். மன்சூர் கானுக்கு மலை விட்டுப் போகவில்லை போல. பின்னாளில் குன்னூருக்கே குடிவந்து, பண்ணை வைத்துப் பாலாடைக்கட்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல படம். டீக்கடை மாதிரி ஒரு கஃபே நடத்தும் அப்பா. மெக்கானிக் வேலை தெரிந்த நாயகி. ‘மாடல் காலேஜ்’ லோக்கல் பையன்கள், ‘ராஜ்புத் காலேஜ்’ ராஜா வீட்டுப் பிள்ளைகள். வர்க்கம் என்ற வார்த்தையை ஒரு தடவைகூட உச்சரிக்காமலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ‘பெஹ்லா நஷா’ பாட்டை ஸ்லோ மோஷனில் எடுத்த அழகுக்கு இன்றைக்கும் ஆள் மயங்குகிறது. ஃபிலிம்ஃபேர் சிறந்த பட விருது கிடைத்ததில் யாருக்கும் வயிற்றெரிச்சல் வேண்டாம்.

என் புகார் ஒன்றே ஒன்று. மலைக்குப் போன படத்தில் மேடு இல்லை.

புரியும்படி சொல்கிறேன். சக்கரம் சுழல்கிறது, பைன் மரங்கள் ஓடுகின்றன, பள்ளத்தாக்கில் மூடுபனி. கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இந்த மலை, பாட்டுக்கு மாட்டிய திரைச்சீலை மாதிரி பின்னால் நிற்கிறது. மிதிக்கிறவனை ஒன்றும் செய்வதில்லை. ரேஸ் எங்கே முடிவாகிறது? நடுவழியில் ஹீரோவும் வில்லனும் இறங்கிப் போடும் குத்துச்சண்டையிலும், அதற்கப்புறம் ஸ்டேடியத்தில் மயிரிழை வித்தியாசத்திலும். மலைக்கு வாக்குரிமையே இல்லை.

நிஜ மலை எப்படி என்று ஊட்டியிலேயே பார்க்கலாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் ரோடு. 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம். பஸ்ஸே முதல் கியரில் முனகும். மேலே தலைகுந்தா வந்ததும் காமராஜ் சாகர் நீர்த்தேக்கம், புல்வெளி, சில்லென்ற காற்று. அங்கிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம். அங்கேயும் ஓர் ஏரி. 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது. 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ சைக்கிள் பயணத்தில் இந்தக் கல்லட்டி ஏற்றம்தான் பேர் போன பரீட்சை. பெங்களூர் சாஃப்ட்வேர் பையன்கள் முதல் வெளிநாட்டுக்காரர்கள் வரை இங்கே வந்து பல்லைக் கடித்திருக்கிறார்கள்.

கணக்குப் போடலாமா? ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ. அதை 1,000 மீட்டர் உயர்த்த, புவியீர்ப்புக்கு மட்டும் கட்ட வேண்டிய வரி சுமார் 7.8 லட்சம் ஜூல். ஓரளவு பழகிய கால் விடாமல் 150 வாட் கொடுக்கும் என்று வையுங்கள். 87 நிமிடம் ஆகும். ஒன்றரை மணி நேரம், நடுவில் ஓசி இறக்கம் ஒன்றுகூடக் கிடையாது. வரியில் தள்ளுபடியும் கிடையாது.

ஒன்றரை மணி நேரத்தை அப்படியே படத்தில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. கேமராவுக்கு மேடு தெரியாது. 10 சதவிகித ஏற்றத்தைப் படம் பிடித்தால் திரையில் மவுண்ட் ரோடு மாதிரி தட்டையாக விழும். அதனால் சரிவை வேறு வழிகளில் காட்ட வேண்டும். ஸ்பெயினில் கோவடோங்கா ஏரிகள் என்று மலைமேல் இரண்டு ஏரிகள். 1983-லிருந்து அந்த நாட்டின் ‘வுவெல்டா’ பந்தயம் அடிக்கடி அங்கே ஏறுகிறது. டி.வி.க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஓரத்தில் சதவிகிதம் போடுகிறார்கள். ஆளின் தோள் இடமும் வலமும் ஆடுவதைக் காட்டுகிறார்கள். கால் சுற்றும் வேகம் குறைவதைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் ரசிகன் ஒருவன் கூடவே ஓடுகிறான். ஓடுகிறவன் சைக்கிளை முந்துகிறானே என்று நமக்குத் திக்கென்கிறது. அப்போது புரிகிறது மேடு. அதற்கப்புறம் ஏரி வந்தால், அது சம்பாதித்த ஏரி. ‘ஜோ ஜீதா’வின் எடிட்டிங்குக்கும் ஃபிலிம்ஃபேர் கிடைத்தது. வேகத்தைத் தந்த அந்தக் கத்தரிக்கோலுக்கு மூச்சு வாங்கத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதில் காசும் கலந்திருக்கிறது. நம் வீட்டுக் கறுப்பு சைக்கிள் 20 கிலோ. ஒரே கியர். பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதரையில் சுகம். 10 சதவிகித மேட்டில் அதே ஒரு சுற்று, உங்களையும் வண்டியையும் அரை மீட்டர் தூக்கியாக வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 40 கிலோவுக்குக் குறையாத அழுத்தம். மலைக்கு என்றே கியர் வைத்த சைக்கிளில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர்தான் நகரும், அழுத்தமும் பாதியாகிவிடும். அதனால்தான் நம் பால்காரரும் கீரைக்காரரும் மேடு வந்ததும் இறங்கித் தள்ளுகிறார்கள். தெம்பு இல்லாமல் இல்லை, பல்சக்கரம் இல்லாமல். டூர் டி பிரான்ஸே 1910-ல் பிரனீஸ் மலை ஏறியது. ஓட்டும்போதே கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதுவரை உலக வீரர்களும் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டவர்கள்தான். பணக்காரக் காலேஜுக்கும் லோக்கல் காலேஜுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பல்சக்கரத்தில் இருக்கிறது. மேட்டை ஒழுங்காகக் காட்டியிருந்தால் அதுவும் தானாகத் தெரிந்திருக்கும்.

சரி, இப்போது நம்ம ஐட்டம். தெலுங்குக்கும் தமிழுக்கும் வந்தபோது சைக்கிளையே இறக்கிவிட்டார்கள். கல் ஏற்கெனவே போச்சு, இப்போது மலையும் போச்சு. வரவு என்ன? கையுறை. காரணத்தை ஊகிக்கலாம். குத்தினால் ரத்தம் வரும், எதிரி விழுவான், விசில் பறக்கும். பெடல் மிதிப்பதற்கு யார் விசில் அடிப்பார்கள்? வியாபாரமாகத் தப்பில்லை. ‘பத்ரி’யில் பயிற்சிப் பாட்டு ஒன்று வரும், ஹீரோ கைமேல் கார் ஏறும். ஜனங்கள் ரசித்தார்கள். நானும்தான்.

ஆனால் அண்ணன் தம்பி கதைக்கு அர்த்தம் மாறிவிட்டது. குத்துச்சண்டையில் தம்பி ஜெயிப்பது பழிவாங்கல். அண்ணனை அடித்தவனைத் திருப்பி அடிக்கிறான், கணக்கு நேர். மேட்டில் அப்படி அடிக்க ஆள் இல்லை. சோம்பேறித் தம்பி ஜெயிக்க வேண்டியது தன்னுடைய சோம்பேறித்தனத்தை. அண்ணன் விடியற்காலையில் எழுந்து தனியாக என்ன பாடுபட்டான் என்பது, அதே ரோட்டில் அதே வளைவில் மூச்சு முட்டும்போதுதான் அவனுக்கு உறைக்கும். பாசம் வசனத்தில் வராமல் தொடை வலியில் வரும். அதைத் தொலைத்துவிட்டோம்.

யார் தொலைத்தது என்பதில்தான் கிண்டல். 1949-லிருந்து டி.ஐ. சைக்கிள் கம்பெனிக்கு வீடு அம்பத்தூர். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தது புதுக்கோட்டையில். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுத்ததும் இங்கேதான். ராசி அழகப்பனின் சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்த ‘குரங்கு பெடல்’ (2024) பார்த்தபோது ஆறுதலாக இருந்தது. வாடகை சைக்கிள், பாருக்கு அடியில் காலை விட்டு மிதிக்கும் பையன், ஓட்டத் தெரியாத அப்பா. தொலைந்த சைக்கிள் பாதி வழி திரும்பி வந்துவிட்டது. சமதரை வரைக்கும்.

மீதி வழிக்கு ஊட்டிகூட வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் ஏறுகிறோம். காரில் போகிறவருக்குத் தெரியாது. மேலுமலையில் திணறும் கல் லாரிக்குத் தெரியும். போச்சம்பள்ளியில் 2021-ல் மின்சார ஸ்கூட்டருக்குப் பிரமாண்டத் தொழிற்சாலை வந்தது. இனி நம் பையன்களுக்கு மேடு என்றால் பேட்டரி சதவிகிதம் என்று ஆகிவிடும். ஆகட்டும், நல்லதுதான். அதற்குள் யாராவது ஒரு டைரக்டர், கல் உடைப்பவர் மகன் ஒருவனை இலவச சைக்கிளில் ஏற்றி அந்த மேலுமலை மேட்டில் விட்டுப் பார்க்கட்டும். கல்லும் வரும், மேடும் வரும். சண்டைக் காட்சி வேண்டுமென்றால் இறக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.