கிருமிக்கொல்லிப் பற்பசை: விளம்பரமும் உண்மையும்

வில்லியனூரிலும் பாகூரிலும் இன்று சிறு பெட்டிக்கடையில்கூடப் பற்பசை கிடைக்கிறது. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. 'கிருமிகளைக் கொல்லும்; ஈறுகளைக் காக்கும்' என்னும் விளம்பரமும் கூடவே வந்துவிட்டது. இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் பல்லில் ஒட்டிக்கொண்டு பசைபோன்ற படலமொன்றைக் கட்டத் தொடங்குகின்றன. இதுவே பற்படலம். டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதன் தீங்கைத் தெளிவாக்கியது. நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களில் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் ஈறு பழைய நிலையை அடைந்தது. படலத்தை அகற்றியதே அங்கு மருந்தாயிற்று.

அப்படியானால் கிருமிக்கொல்லி வீணா? வீணன்று. டிரைக்ளோசான் என்னும் பொருள், நுண்ணுயிர்கள் கொழுப்பு அமிலம் தயாரிப்பதைத் தடுக்கிறது. 2013-இல் காக்ரேன் அமைப்பு 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. டிரைக்ளோசானும் கோபாலிமரும் சேர்ந்த ஃபுளூரைடு பற்பசை, அவை இல்லாத ஃபுளூரைடு பற்பசையைவிடப் பற்படலத்தையும் ஈறு அழற்சியையும் சுமார் 22 விழுக்காடு கூடுதலாகக் குறைத்தது.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்கவேண்டும். நூற்றுக்கு 22 பேர் குணமடைந்தனர் என்பது இதன் பொருளன்று. அழற்சியை அளக்கும் மதிப்பெண்ணின் சராசரி அவ்வளவு குறைந்தது, அவ்வளவே. நோயாளிக்கு இதனால் குறிப்பிடத்தக்க பலன் உண்டா என்பதை அத்தொகுப்பே உறுதியாகச் சொல்லவில்லை. 2016-இல் அமெரிக்க அரசு கிருமிக்கொல்லிச் சோப்புகளில் டிரைக்ளோசானைத் தடை செய்தது. அத்தடை பற்பசைக்கு இல்லை. எனினும் 2019-இல் அங்கு விற்கும் கோல்கேட் டோட்டல் பற்பசை அதைக் கைவிட்டு, ஸ்டானஸ் ஃபுளூரைடுக்கு மாறியது.

விளம்பரம் சொல்லாமல் விடுவது எதை? ஈற்றில் இரத்தம் கண்டால் பலர் அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, விலை கூடிய பசையை வாங்குகின்றனர். படலம் அங்கேயே தங்கி, உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிப் பற்காரையாகிறது. எந்தப் பசையும் அதைக் கரைக்காது. பல் மருத்துவர் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பாகூர்ப் பக்கத்தார்க்குப் பிள்ளையார்குப்பத்திலும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆகவே, வாசகர்களே, விலை குறைந்த சாதாரண ஃபுளூரைடு பசையே போதும். காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ்ஷால் ஈற்றோரம் வரை துலக்குங்கள். கிருமிக்கொல்லிப் பசை இதற்குத் துணையாகலாம், இதற்கு ஈடாகாது.