மதுவிலக்கும் திரையில் நகர இரவும்: ‘யாருக்காக அழுதான்’ குறித்த ஒரு மறுவாசிப்பு

சோதனைத் திரைப்படம் என்னும் சொல் பெரும்பாலும் வடிவப் புதுமையையே சுட்டுகிறது. பிலிம்ஸ் டிவிஷனுக்காகப் பிரமோத் பதி இயக்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ (1968) என்னும் குறும்படம், வருணனைக் குரல் ஏதுமின்றி, ஆடும் இளைஞர்களின் உடலசைவுகளை விரைவான வெட்டுகளால் கோத்துக் காட்டுகிறது. இவ்வளவுகோலின்படி நோக்கின், ஜெயகாந்தன் தம் முப்பதுகளின் தொடக்கத்தில் இயக்கிய ‘யாருக்காக அழுதான்’ (1966) சோதனைப் படமாகத் தோன்றாது. ஆயினும், நகர இரவை அது அணுகும் முறை புதியது. அப்புதுமையை உணர மதுவிலக்கின் வரலாறு துணைபுரியும்.

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி தலைமையிலான அரசு மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகள் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்கு அருகில் உள்ளதே. 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்படும்வரை நீடித்தது. எனவே, அறுபதுகளின் தமிழ்ப்படங்கள் காட்டிய ஒளிமிக்க இரவு விடுதி, பார்வையாளருள் பெரும்பாலோர் அன்றாடம் அறிந்த இடமன்று. ‘புதிய பறவை’ (1964) படத்தில் நாயகன் பாடகியைக் காணும் விடுதி சிங்கப்பூரில் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது. நகர இரவு என்பது கடல் கடந்த கனவாகவே திரையில் நின்றது.

ஜெயகாந்தன் அவ்விரவை ஒரு லாட்ஜின் சுவர்களுக்குள் கொண்டுவருகிறார். குடிமயக்கத்தில் சேட் ஒருவர் தம் பணப்பையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துபோகிறார். விடிந்ததும் திருட்டுப்பழி வேலையாள் ஜோசப்பின் (நாகேஷ்) மீது விழுகிறது. மதுவிலக்குக் காலத்து நகரில் குடி ஒழியவில்லை. அது கதவுக்குப் பின்னே சென்றது என்பதை இக்கதையமைப்பு உணர்த்துகிறது. மறைவு, பணம் உள்ளவருக்குப் பாதுகாப்பாகிறது. அம்மறைவில் நிகழ்ந்ததற்கான விலையை அங்கு ஊழியம் செய்பவன் செலுத்துகிறான். இரவைக் கேளிக்கையாக அன்றி, உழைப்பவனின் பணிநேரமாகக் காண்பதே இப்படத்தின் சோதனை.

இப்படத்திற்கு ஒரு வரம்பும் உண்டு. ஜோசப்பின் மௌனம் புனிதத்தன்மை பெறும்போது, அவனை எளிதில் குற்றவாளியாக்கிய சமூக ஏற்பாடு பின்னுக்குச் செல்கிறது. இரக்கம் மேலோங்க, கேள்வி மங்குகிறது. எனினும், அறுபதுகளின் சோதனை முயற்சிகளைத் தொகுத்து நோக்குவோர் படத்தொகுப்பின் வேகத்தை மட்டும் அளவிடாமல், யாருடைய இரவு படமாக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவின் முன் இப்படம் தனக்குரிய இடத்தைப் பெறும்.