தாய் யார் பக்கம்?

கடைசி மேசை எழும்பிப் போய், கோப்பைகளையும் கழுவி அடுக்கிய பிறகுதான் பென்டில் ஹில்லில் எங்களுக்குப் படம் பார்க்க நேரம் வரும். ஒரே சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்யும் அகதிகள் நாங்கள் நான்கு பேர். ஒரு வாடகை வீடு, ஒரு பழைய ரீவி. அமிதாப் பச்சனும் சசி கபூரும் சேர்ந்து நடித்த படங்களை அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். எங்களுக்கு இந்தி தெரியாது. அண்ணன் தம்பிச் சண்டை விளங்குவதற்கு அது தேவைப்படவுமில்லை.

இந்தப் படங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அமிதாப்பின் கோபத்தையே எழுதினார்கள். எங்கள் கண்ணில் பட்டது வேறொன்று. இவற்றில் வீடு சசி கபூரிடம் இருக்கிறது. அமிதாப் வெளியே நிற்கிறார். யஷ் சோப்ராவின் 'தீவார்' (1975) படத்தில், கடத்தல்காரனாகிவிட்ட மூத்தவனின் மாளிகையை விட்டுத் தாய், பொலிஸ்காரனான இளையவனோடு போகிறாள். அவருடைய 'த்ரிசூல்' (1978) படத்தில் தகப்பனும் சொத்தும் சசியிடம். அமிதாப்புக்கு மிஞ்சியது இறந்துபோன தாயின் நினைவு. பிரகாஷ் மெஹ்ராவின் 'நமக் ஹலால்' (1982) சிரிப்புப் படந்தான். அங்கேயும் அமிதாப் ஹோட்டல் தொழிலாளி, சசி முதலாளி. தொழிலாளியைப் பெற்றவள் முதலாளியை வளர்த்திருக்கிறாள்.

சசி கபூர் பிறந்தது 1938இல், அமிதாப் 1942இல். நான்கு வயது மூத்தவர்தான் 'தீவாரில்' தம்பியாக நடித்தார். பாலத்தின் கீழ் இருவரும் சந்திக்கும் காட்சியில் அண்ணன் தான் சேர்த்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறான். தம்பி அசையாமல் கேட்டு நின்று, தாய் தன்னிடம் இருப்பதை மட்டும் சொல்கிறான். மற்றவர் பொங்கும்போது கேட்டுக்கொண்டு நிற்பதும் நடிப்புத்தான். இந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது சசிக்குக் கிடைத்தது. இதே கதை 1981இல் ரஜினிகாந்தும் சுமனும் நடிக்க 'தீ' என்று தமிழில் வந்தது. அதில் ரஜினியின் வேகம் எங்கள் மனதில் நிற்கிறது, எதிரே நின்ற தம்பி நிற்கவில்லை. அதனால் சண்டையின் பாதி காணாமற்போகிறது.

'தீவாரோடு' எங்களுக்கு ஒரு வழக்கும் உண்டு. பாண் திருடிக்கொண்டு ஓடும் பையனைத் தம்பி சுடுகிறான். படம் அதையே அவனுடைய கடமை உணர்ச்சிக்குப் படியாக்குகிறது. சீருடையைக் கண்டு ஓடிப் பழகிய எங்களால் அந்த இடத்தில் படத்தோடு போக முடியவில்லை.

ஆனாலும் பாலத்துக் காட்சி எங்களை விடவில்லை. எங்களில் ஒருவருடைய தாய் யாழ்ப்பாணத்தில் தம்பியோடு இருக்கிறார். ஒரு கிழமைக்கு முன் தம்பி ரெலிபோனில் சொன்னானாம்: "நீ காசு அனுப்பிறாய் அண்ணை. கிளினிக்கில விடியமுன்னம் வரிசையில நிக்கிறது நான்." அன்று அவர் கோபத்தில் ரெலிபோனை வைத்துவிட்டார். எங்களுக்கும் அது நன்றிகெட்ட கதையாகத்தான் பட்டது. பணம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் இந்தப் படத்தை அமிதாப்பின் பக்கம் நின்றே பார்க்கத் தொடங்குகிறோம்.

படத்தில் மூத்தவனுக்குச் சாகும்போதாவது தாயின் மடி கிடைக்கிறது. ஊருக்குப் போகமுடியாத எங்களுக்கு அதுவும் நிச்சயமில்லை. படம் முடிந்த மறுநாள் அவர் தம்பிக்கு ரெலிபோன் எடுத்தார். காசைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கிளினிக்குக்குப் போகிற நாளில் எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று கேட்டார்.