டியூபா: போர் பெரிசானால் சத்தமும் பெரிசாகுமா?

ஒரகடம் பக்கம் "போர் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் ராயல் என்ஃபீல்டு கணக்கில்தான் வரும். பழைய கிளாசிக் 350-க்கு 70 மில்லிமீட்டர், இப்போதைய எஞ்சினுக்கு 72. பெரிய பித்தளை ஊதுகருவியான டியூபாவுக்கும் போர் உண்டு. வால்வுக்குள் ஓடும் குழாயின் உள்விட்டம் அது. கேட்டலாக்கில் அந்த எண்ணைப் பார்த்தே பலர் "இது பெருசு, இது சிறுசு" என்று முடிவுகட்டுகிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க இரண்டு பி-ஃப்ளாட் டியூபாக்களை ஊதிப் பார்த்தேன்.

முதலாவது யமஹா ஒய்.பி.பி-105. மூன்று பிஸ்டன், அளவில் சின்னது, சர்ச் பேண்டுக்குச் சொந்தம். யமஹா என்றதும் இந்த ஊரில் வல்லம் வடகால் ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும். லோகோவில் மூன்று இசைக்கவைகள் இரண்டு கம்பெனிக்கும் உண்டு என்றாலும் மோட்டார் பிரிவு 1955-லேயே தனிக் கம்பெனியாகிவிட்டது. சென்னை அருகே உள்ள அவர்களது இசைக்கருவித் தொழிற்சாலையிலும் கிதார், கீபோர்டு என்றுதான் போகிறது; டியூபா வெளியிலிருந்துதான் வரவேண்டும். இரண்டாவது மிராஃபோன் 186. நான்கு ரோட்டரி வால்வு. ஜெர்மனியில் சில வருஷம் வேலைபார்த்துத் திரும்பிய எஞ்சினியர் ஒருவர் கையோடு கொண்டுவந்தது.

சர்ச் பேண்டில் யமஹா ஊதும் தம்பி, உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். இரண்டாவது வால்வின் ஸ்லைடை உருவி, உள்ளே போகும் குழாயின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெர்னியரின் உள்தாடையை அலுங்காமல் நுழைத்தார். யமஹா 16.8. மிராஃபோன் 19.6. "மூணு மில்லிகூட இல்லையே, சார்!" என்றார். விட்டத்தில் இல்லைதான். பரப்பில் கணக்குப் போட்டால் மிராஃபோன் 36 சதவீதம் அகலம்.

வாசிப்பில் அது தெரிகிறதா? தெரிகிறது. யமஹாவில் ஊதியதும் நாதம் வாயிலேயே பிடித்துக்கொள்கிறது. மெல்லிய சத்தத்தில்கூட ஸ்வரம் நழுவுவதில்லை. மார்ச் பாட்டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. ஆனால் அழுத்தி ஊதினால் ஓரங்கள் கரகரக்கின்றன. மிராஃபோனில் அதே அழுத்தம் அகலமாக விரிகிறது. நாங்கள் ஊதிப் பார்த்த ஷெட்டின் தகரக் கூரை ஒரு மூலையில் அதிர ஆரம்பித்தது. பதிலுக்கு, யமஹாவில் ஒரே மூச்சில் முடித்த வரியை இதில் நடுவில் மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை. தொடக்கமும் சோம்பல்: உதடு தயாராக இல்லாவிட்டால் முதல் ஸ்வரம் வெறும் காற்றாகிவிடும்.

இதையெல்லாம் போரின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. காற்று முதலில் நுழைவது மவுத்பீஸின் தொண்டை வழியாக, அதன் துளை சுமார் 8 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டித்தான் 16.8-ஆ 19.6-ஆ என்ற பேச்சே. பைக்குக்கு ஸ்ட்ரோக்கைப் பார்க்காமல் போரை மட்டும் பார்த்தால் எப்படியோ, அப்படித்தான் குழாய் எவ்வளவு வேகமாக விரிகிறது, பெல் எவ்வளவு அகலம் என்று பார்க்காமல் டியூபாவை எடைபோடுவதும். நல்ல உதாரணம் அமெரிக்காவின் கிங் 2341. போர் 17.45 மில்லிமீட்டர்தான், மிராஃபோனைவிடக் குறைவு. பெல் மட்டும் 20 அங்குலம், மிராஃபோனுக்கு 16.5. எண்ணை மட்டும் பார்த்தால் கிங்கைச் சின்ன டியூபா என்றுதான் நினைப்போம். ஊதினால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போரின் உண்மையான செலவு விரலில் இருக்கிறது. பிஸ்டன் ஒரு துளையை முழுதாக விலக்கி இன்னொன்றை நேராகக் கொண்டுவர, ஏறக்குறைய துளையின் விட்ட அளவுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். போரைக் கூட்டினால் பிஸ்டன் தடிக்கும், கனக்கும், அழுத்தும் தூரமும் நீளும். ரோட்டரியில் உள்ளே இருப்பது கால் சுற்றுத்தான் திரும்புகிறது, லீவரில் விரல் தூரம் குறைவு. அகலமான போருக்கு ரோட்டரி தோதாக இருப்பது இதனால்தான். 1835-இல் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் பெர்லினில் காப்புரிமை வாங்கிய முதல் பாஸ் டியூபாவில் இருந்தவை குட்டையான, தடித்த பிஸ்டன்கள். துளையை அகலமாக வைக்கும் கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

இன்னொரு சங்கதி. வால்வை அழுத்தும்போது சேர்வது விரியாத, ஒரே விட்டமுள்ள குழாய். முதல் வால்வு மொத்த நீளத்தில் சுமார் 12 சதவீதம் கூட்டும், மூன்றாவது சுமார் 19. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேவையானதைவிட நீளம் குறைந்து சுருதி ஏறிவிடும். யமஹாவில் அடிமட்ட ஸ்வரங்களில் இதை உதட்டால் இறக்கிச் சமாளிக்க வேண்டியிருந்தது. மிராஃபோனின் நான்காவது வால்வு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அங்கே காப்பாற்றியது போர் அல்ல, நான்காவது வால்வு.

பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஷிப்ட் முடிந்து களைப்போடு ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கும் 17-ஐ ஒட்டிய போர் போதும், தாராளமாக எடுக்கலாம். ஏழெட்டுப் பேர் கொண்ட பேண்டில் ஒரே ஆள் அடிச்சுருதி முழுவதையும் தாங்குகிறார் என்றால் பெரிய பெல்லையும் நான்காவது வால்வையும் தேடுங்கள்; போரைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பழைய பிஸ்டன் டியூபா வாங்குகிறவர்கள், வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு வால்வை அழுத்திப் பாருங்கள். 'டப்' என்று கேட்டால் காற்றுக் கசிவில்லை. கேட்காவிட்டால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். கண்டெய்னர் லாரிப் புழுதி பறக்கும் இந்தச் சாலையோரத்தில் வாசிப்பதானால் வால்வு எண்ணெய் பாட்டிலோடு ஒரு பஞ்சுத் துணியும் பையில் இருக்கட்டும். முதலில் துடையுங்கள், பிறகு எண்ணெய் விடுங்கள்.