பிள்ளைப் பருவத்து வீடும் அதன் மொழியும்

பிறந்த வீட்டை நினைந்து எழுதாத எழுத்தாளர் அரியர். பண்டிகை நாளில் அந்நினைவு இரு மடங்காகப் பெருகும். ஆங்கில உரைநடையில் அவ்வாறு எழுந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது டிலன் தாமஸ் இயற்றிய "வேல்ஸில் ஒரு குழந்தையின் கிறிஸ்மஸ்" என்னுஞ் சிறுநூல். ஒரு மாலைப் பொழுதில் இருமுறை படித்துவிடலாம். அதனைப் படித்து மூடியபின் எம் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆசிரியர் 1914ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரிற் பிறந்தவர். இந்நூலின் முதல் வடிவம் 1945 டிசம்பரில் பி.பி.சி. வானொலியிற் சிறுவர்க்காகச் சொல்லப்பட்டது. பின்னர் விரிந்து 1950இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. 1952இல் ஆசிரியரே தம் குரலில் அதனை இசைத்தட்டிற் பதிவு செய்தார். மறு ஆண்டே, தமது 39ஆம் வயதில், அவர் மறைந்தார்.

நூலின் சிறப்பு யாதெனின், பல ஆண்டுக் கிறிஸ்மஸ்கள் அனைத்தும் ஒரே நாளாக உருண்டு திரண்டு வருதலே. பூனைகளைக் குறிவைத்துப் பனியுருண்டையுடன் காத்திருக்கும் சிறுவர். அயல் வீட்டிற் புகை எழ ஓடிவரும் தீயணைப்போர். விருந்துண்டு மயங்கி உறங்கும் மாமன்மார். பயனுள்ள பரிசு இவை, பயனற்ற பரிசு இவை என்று பிள்ளையுள்ளம் வகுக்கும் கணக்கு. எங்கும் நீதி புகட்டவில்லை. ஆயினும் அன்பு ஊறுகின்றது. சிற்சில இடங்களில் ஓசையின்பம் கருதிச் சொற்களை அளவுக்கு மேல் அடுக்குதல் ஒரு குற்றமே.

மற்றொன்றும் அறிதற்குரியது. 1941 பிப்ரவரியில் மூன்றிரவு தொடர்ந்து பொழிந்த குண்டுகளால் ஸ்வான்சீயின் நடுப்பகுதி எரிந்தழிந்தது. 230 பேர் மாண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து வானொலியிற் பேசியவர் அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எரிந்த ஊரின்மீது பனியைப் பெய்வித்தார். இழந்தவன் நினைவுக்கு இதனினும் நாகரிகமான வழி யாம் அறியோம்.

நிற்க. எம் கேள்வி இது: அவ்வீடு எம்மொழியில் நினைக்கப்படுகின்றது? ஆசிரியரின் தாய் தந்தையர் இருவரும் வெல்ஷ் மொழி பேசுவோர். தந்தையோ பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். பழைய வெல்ஷ் கதையிலிருந்து மகனுக்குப் பெயர் எடுத்தவர், அம்மொழியை மட்டும் கற்பிக்கவில்லை. ஆங்கிலமே முன்னேற்றம் தரும் என எண்ணிய காலம் அது. நூலின் விருந்திற் பாடப்படும் பாட்டொன்று ஆங்கிலக் கடற்றலைவன் டிரேக்கைப் பற்றியது. முற்காலத்தில் ஆங்கிலேயரையும் கரடிகளையும் விரட்டினோம் என்று ஆசிரியர் நகையாடுகின்றார். அதனையும் ஆங்கிலத்திலேயே சொல்கின்றார்! 1911இல் வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அம்மொழி அறிந்திருந்தனர். 2021இல் அது 17.8 ஆகச் சுருங்கிற்று. இத்தகைய வீடுகள் பலவற்றில், அன்பின் பெயரால், நிகழ்ந்த இழப்பும் அத்தேய்வில் அடங்கும்.

தந்தையைப் பழித்தல் எளிது. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய எமக்கோ அது எளிதன்று. ஆங்கிலக் கல்வியே எமக்கு இவ்வேலையையும் இந்நூலையும் தந்தது. ஆகவே எம் மகளோடு வீட்டிலும் ஆங்கிலமே பேசிவந்தோம். சென்ற தீபாவளியன்று அவள் பள்ளியிற் கேட்ட கதையொன்றை மகிழ்ந்து சொன்னாள். லயத்தில் வாழ்ந்து எம்மை வளர்த்த அன்னையார் அருகில் அமர்ந்து, அவள் வாயையே நோக்கியிருந்தார், முடிவில் எம் பக்கம் திரும்பி, "ஏன்யா, பிள்ளை என்னா சொல்லுது?" என்றார். எம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

அன்பர்களே, ஆங்கிலத்தை வெறுக்குமாறு யாம் சொல்லவில்லை. இந்நூலைக் கற்க விரும்புவோர் கட்டாயம் கற்க. அதன் இனிமை பொய்யன்று. ஆயின் டிலன் தாமஸ் தம் பேராற்றலால் வீட்டின் மணத்தையும் ஒலியையும் மீட்டார். தாய் தந்தையரின் சொல்லை அவரால் மீட்க முடியவில்லை. அது அவர் கைக்கு வந்ததே இல்லை. நம் பிள்ளைகளும் ஒருநாள் நம் வீட்டை நினைப்பர். அந்நினைவில் பாட்டி வாய்பேசா ஓவியமாக அமர்ந்திருப்பாரோ, பேசுவாரோ என்பது இன்று நம் கையில் உள்ளது. அன்றிரவு முதல் எம் வீட்டில் உறங்குமுன் ஒரு கதை தமிழிற் சொல்லப்படுகின்றது. சொல்பவர் பாட்டியே.