தாமதமாக வரும் வக்கீல்

1978-இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், சிறையில் இருந்த ஒரு தாயை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். மகன் மீது அவருக்கிருந்த பெற்றோர் உரிமையை நிரந்தரமாக நீக்கக் கோரும் வழக்கு அது. அரசுத் தரப்பில் வக்கீல் இருந்தார். தாய்க்கு யாரும் இல்லை. சமூகப் பணியாளரைக் குறுக்கு விசாரணை செய்ய அவரே முயன்றார். அவர் கேட்பது கேள்வியாக இல்லை, வாதமாக இருக்கிறது என்று நீதிபதி திரும்பத் திரும்பத் தடுத்தார். கடைசியில் உரிமை பறிபோனது.

அந்தத் தாயின் பெயரால் லாசிட்டர் வழக்கு எனப்படும் அதில், 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: இத்தகைய வழக்குகள் எல்லாவற்றிலும் ஏழைப் பெற்றோருக்கு அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்யலாம். சிறைத் தண்டனை விதிப்பதானால் சிறு குற்ற வழக்கில்கூட ஏழைக்கு வக்கீல் தந்தாக வேண்டும் என்று 1972-லேயே சொன்ன நீதிமன்றம்தான் இது. சில நாள் சிறைக்குக் கிடைத்த பாதுகாப்பு, பெற்ற பிள்ளையை என்றைக்குமாக இழப்பதற்குக் கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் விட்டதைப் பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் ஓரளவு ஈடு செய்திருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் 1972 முதலே இந்த உரிமை உண்டு. ஆனால் சட்டப் புத்தகத்தில் உரிமை இருப்பது வேறு, பக்கத்தில் நிற்கும் வக்கீலுக்கு வழக்கைப் படிக்க நேரம் இருப்பது வேறு. நியூயார்க்கில் நீதிமன்றம் நியமிக்கும் தனி வக்கீல்களுக்கான ஊதியம் 2004-இல் மணிக்கு 75 டாலர் என்று வைக்கப்பட்டது. மாநிலச் சட்டப்படி அது 158 டாலராக உயர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கூலி உயராத வேலைக்கு ஆள் குறைவதும், இருப்பவர்கள் தலைக்கு மேல் வழக்குகளைச் சுமப்பதும் வியப்பல்ல.

இதற்கு மாற்றாகத்தான் 2007-இல் நியூயார்க் மாநகரம் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கியது. பிள்ளையை அரசு எடுக்கும் வழக்குகளில் பெற்றோருக்காக வாதாடும் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டது. இந்த அமைப்புகளில் வக்கீல் தனியாக வருவதில்லை. அவரோடு ஒரு சமூகப் பணியாளரும், தேவைப்பட்டால் ‘பெற்றோர் துணைவர்’ ஒருவரும் வருவார்கள். பின்னவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் தன் குழந்தையை அரசிடம் இழந்து, போராடி மீட்டவர்.

இந்தக் கூட்டணி எதற்கு என்பது ஒரு சாதாரண வழக்கின் போக்கைப் பார்த்தால் விளங்கும். பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு அரசின் வளர்ப்புப் பராமரிப்புக்குப் போகும் குழந்தைகளில் பெரும்பாலானோர் அடி உதையால் அல்ல, ‘புறக்கணிப்பு’ என்ற காரணத்தால் எடுக்கப்படுபவர்கள். வாடகை பாக்கி, ஒழுகும் வீடு, வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். பிள்ளை திரும்ப வேண்டுமானால் தாய் செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாகக் கொடுப்பார்கள்: பெற்றோர் பயிற்சி வகுப்பு, போதைப்பொருள் பரிசோதனை, மனநல ஆலோசனை, மேற்பார்வையில் குழந்தைச் சந்திப்பு. பலவும் வேலை நாளில், பகலில். மணிக்கூலிக்கு உழைப்பவர் இவற்றுக்குப் போனால் சம்பளம் போகும். போகாவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கையில் ஏறும். இந்த முடிச்சைச் சட்டவாதத்தால் மட்டும் அவிழ்க்க முடியாது. மாலை வகுப்பைத் தேடிப் பிடிக்கவும், வாடகை உதவிக்கு மனுப் போடவும், சந்திப்பு நேரத்தை மாற்றக் கேட்கவும் ஆள் வேண்டும். குழந்தையைத் திருப்பிக் கேட்டு மனுச் செய்தால் மூன்று நீதிமன்ற வேலை நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்கிறது நியூயார்க் சட்டம். அந்த மூன்று நாட்களில் உறவினரையும் மருத்துவரையும் பள்ளியையும் தொடர்புகொண்டு ஆதாரம் திரட்டுவது ஒருவரால் ஆகிற காரியமல்ல.

பலன் கிடைத்ததா? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த அமைப்புகள் நடத்திய வழக்குகளையும் தனி வக்கீல்கள் நடத்திய வழக்குகளையும் ஒப்பிட்டது. கூட்டணி இருந்த வழக்குகளில் குழந்தைகள் பராமரிப்பில் கழித்த காலம் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பில் வேறுபாடு தெரியவில்லை. பெற்றோருக்கு வலுவான வக்கீல் கொடுத்தால் ஆபத்தான வீட்டுக்குக் குழந்தை திரும்பிவிடும் என்ற அச்சத்துக்கு இது நேரான பதில். வாஷிங்டன் மாநிலத் திட்டத்தைப் பற்றிய 2012 ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: அங்கே பெற்றோரிடம் திரும்புவது மட்டுமல்ல, திரும்ப வழியில்லாத குழந்தைகள் தத்துக்குப் போவதும் விரைவானது. நல்ல வக்கீல் எல்லா வழக்கையும் ஜெயிப்பவர் அல்ல. வழக்கை இழுபறியில் விடாதவர்.

இந்த வேகம் சின்ன விஷயமல்ல. 1997-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க மாநிலம் மனுச் செய்ய வேண்டும். வீட்டு உதவிக்கான வரிசையோ, சிகிச்சைக்கான காத்திருப்போ அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நகர்வதில்லை.

ஆய்வில் குறைகளும் உண்டு. நியூயார்க் ஆய்வு வழக்குகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அல்ல. இருக்கும் பதிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டது. ஆய்வாளர்களில் ஒருவரான மார்ட்டின் குகன்ஹைம் பெற்றோர் தரப்புக்காகப் பல்லாண்டு வாதாடிய சட்டப் பேராசிரியர். இவற்றால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் வேறு ஊர்களிலும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

அதைவிடப் பெரிய குறை ஏற்பாட்டிலேயே இருக்கிறது; அதை அந்த ஆய்வே காட்டுகிறது. பராமரிப்பில் கழியும் காலம் குறைந்ததே தவிர, பராமரிப்புக்குள் போகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. வழக்கு பதிவான பிறகுதான் வக்கீல் வருகிறார் என்பதே இதற்கு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். அதற்கு முன் குழந்தைநல அதிகாரி விசாரிக்க வந்து கதவைத் தட்டும்போதும், அலமாரியைத் திறந்து பார்க்கும்போதும், கையெழுத்துக் கேட்கும்போதும் தாய் தனியாகத்தான் நிற்கிறார். பெற்றோருக்கு அவர்களுடைய உரிமைகளை அந்த விசாரணையின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று டெக்சாஸ் 2023-இல் சட்டம் போட்டது. உரிமையைச் சொல்வதோடு சரி, வக்கீல் கூட வருவதில்லை.

முன்கூட்டியே உதவினால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட் ஒரு சான்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விவேக் சங்கரன் 2009-இல் அங்கே ஒரு மையம் தொடங்கினார். வீட்டு உரிமையாளருடன் தகராறு, அடிக்கும் கணவனுக்கு எதிரான தடை உத்தரவு, பாட்டிக்குச் சட்டப்படி காப்பாளர் உரிமை என்று, பிள்ளை பறிபோகக் காரணமாகும் சிக்கல்களை முதலிலேயே தீர்த்தார்கள். சோதனைக் காலத்தில் இப்படித் தடுப்பு உதவி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளில் ஒருவர்கூடப் பராமரிப்புக்குப் போகவில்லை. எண்ணிக்கை சிறியது, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனாலும் நம்பிக்கை தரும் முடிவுதான். அப்படிப்பட்ட மையம்கூட 2016-இல் நிதியில்லாமல் மூடப்பட்டது.

இன்று பணத்துக்கு வழி ஓரளவு திறந்திருக்கிறது. பெற்றோர் வக்கீலுக்கான செலவில் ஒரு பகுதியை 2019 முதல் கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்குத் திருப்பித் தருகிறது; பராமரிப்புக்குப் போகும் நிலையில் இருக்கும் குழந்தைகளின் குடும்பங்களுக்கான வீட்டுவசதி போன்ற உரிமையியல் வழக்குகளுக்கும் 2024 விதி இடம் தந்திருக்கிறது. வக்கீலோடு சமூகப் பணியாளரையும் அனுப்பும் முறை நல்ல முறை. அது மாநிலம் தோறும் பரவ வேண்டும். ஆனால் நீதிமன்ற வாசலில் தொடங்கும்வரை அது பாதி வேலையைத்தான் செய்யும். அடுத்த நிதியை மாநிலங்கள் அதிகாரி விசாரிக்கத் தொடங்கும் முதல் நாளுக்கே ஒதுக்க வேண்டும்.