மதிப்பெண்ணுக்குக் காரணம் எங்கே?

கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்திலே, பொழுது புலருமுன் பால்வெட்டப் புறப்படுகிறார் ஒரு தாய். மரத்தைச் சீவுகிறார், சிரட்டையிலே சொட்டுச் சொட்டாக வடிகிறது பால். சேர்த்த பாலைச் சுமந்து சென்று ஒப்படைக்கும்போது, அது அளக்கப்படுவதைத் தம் கண்ணாலே காண்கிறார். பாலிலே ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று காட்டவும் கருவி உண்டு. அளவிலே ஐயமெனில் "மறுபடி அளவுங்கள்" என்று கேட்க அவருக்கு வாயுமுண்டு.

அத்தாயின் மகள் மலையிறங்கி, பேருந்தேறி, நாகர்கோவிலிலே கல்லூரிப் படிப்புப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முதுகொடிய எழுதிய விடைத்தாள் எங்கோ செல்கிறது. யாரோ படிக்கிறார், அல்லது புரட்டுகிறார். ஓர் எண் திரும்பி வருகிறது. ஏன் அந்த எண்? விடையில்லை! பாலுக்கு உண்டு அளவுகோல். பாவையின் அறிவுக்கு அது வேண்டாமோ?

ஆசிரியர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. நேர்மையாளரின் கையும் தடுமாறுகிறது என்பதே செய்தி. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து, 1935இல் இங்கிலாந்திலே ஓர் ஆய்வை வெளியிட்டார். வரலாற்று விடைத்தாள்கள் 15. திருத்தியவர் 14 பேர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தாள்கள் அதே கைகளுக்குத் திரும்பின. தீர்ப்புகள் 210. அவற்றுள் 92இல், அன்று சொன்னது ஒன்று, இன்று சொன்னது வேறொன்று! தாள் மாறவில்லை, திருத்தியவரும் மாறவில்லை, மாணவனின் தலையெழுத்து மட்டும் மாறிற்று.

அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவோர் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பார்க்கட்டும். 2017 ஏப்ரல், மே தேர்வுக்குப் பின் மறுமதிப்பீடு கேட்டோர் மூன்று இலட்சத்துக்கு மேல். அதனால் தேர்ச்சி பெற்றோர் எழுபதாயிரத்துக்கு மேல். கையூட்டுப் பெற்று மதிப்பெண் கூட்டினர் என 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். நாம் கேட்பது வேறு. காரணம் எழுதப்படாத மதிப்பெண்ணைத்தானே கூட்டவும் குறைக்கவும் விலை பேச முடியும்?

கட்டுரை வினாவிலேதான் கேடு மிகுதி. குறளுக்கு விளக்கம் கேட்டால், பரிமேலழகர் உரையை அப்படியே ஒப்பிப்பவனுக்கு மாலை மரியாதை! "இவ்விடத்தில் அவ்வுரை பொருந்தவில்லை" என்று காரணம் காட்டி மறுப்பவளுக்கோ, விடைக்குறிப்பிலே இடமே இல்லை. ஆறு பக்கம் நிரப்பியவன் மூன்று பக்கத்திலே முடித்தவளை முந்துகிறான். கையெழுத்து முத்தானால் கருத்தும் முத்தாகிவிடுகிறது. தேர்வுக்கு முதல்நாள் கடையிலே வாங்கிய நோட்ஸ், மறுநாள் விடைத்தாளிலே வரிக்கு வரி வாழ்கிறது. மனப்பாடத்துக்கு மகுடம் சூட்டிவிட்டு, "இக்கால மாணவர் சிந்திப்பதில்லையே" என்று மேடையேறிக் கண்ணீர் வடிப்போரும் உளர். யார் சிந்திக்க விட்டார்கள், ஐயா?

திருத்துவோர் தாளின் ஓரத்திலே இரண்டு வரி எழுதட்டும்: எங்கே பிழைத்தாள், எங்கே சிறந்தாள் என்று. நேரமில்லை என்பர். மெய்தான். கோடை வெயிலிலே கட்டுக்கட்டாகக் குவித்து, தாளுக்கு இவ்வளவு கூலி, நாளுக்கு இத்தனை தாள் என்று விரட்டினால் நேரம் எங்கிருந்து வரும்? ஆகவே தாள்களைக் குறையுங்கள், கூலியை உயர்த்துங்கள் என்கிறோம். ஆசிரியருக்கும் சேர்த்தே வாதாடுகிறோம்.

திருத்திய தன் விடைத்தாளைக் காணும் உரிமை மாணவர்க்கு உண்டென்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏட்டிலே உரிமை இருக்கிறது. ஆனால், விடைத்தாள் படிக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு மற்றொரு கட்டணம், அதுவும் பாடத்துக்குப் பாடம் என்று பல்கலைக்கழகங்கள் கேட்கையில், கீரிப்பாறைத் தாய் இன்னும் எத்தனை மரங்களில் பால்வெட்ட வேண்டும்?